குன்னூர் ஈரத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

பழைய கார் வைத்திருக்கிறேன் என்றதும் குன்னூரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேடு ஏறுமா?" ஏறும். 948 சிசி இன்ஜின் முனகிக்கொண்டே ஏறிவிடும். எனக்குக் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான். மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. அதில் எங்கே பிரேக் பிடிக்காமல் போனாலும் கதை முடிந்தது. அதனால் பெயிண்ட், சீட் கவர் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு சக்கரங்களைக் கழற்றுவதில்தான் வேலையை ஆரம்பித்தேன்.

வண்டி 1970 மாடல், நான்கு கதவு ஹெரால்டு. பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். 1961-லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இங்கேயே தயாரித்தது. வண்டலூரில் தொழிற்சாலை. ஒரு எஸ்டேட் ஷெட்டில் வருடக்கணக்கில் நின்ற வண்டியை வாங்கிக் கட்டியிழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்பாசடர், ஃபியட் எல்லாம் விசாரித்தேன். பாகம் கிடைப்பது அவற்றுக்குத்தான் சுலபம். ஆனால் வீட்டு ஷெட்டில் ஒருவர் தனியாகக் கழற்றிப் பூட்டுவதற்கு ஹெரால்டை விட்டால் வேறு வண்டி இல்லை என்பேன். அடிச்சட்டமான சேஸிஸ் தனி, அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய பாடி. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். அப்புறம் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். ஒரு விஷயம், இதில் பெரும்பாலும் இஞ்ச் போல்ட்தான். எம்எம் ஸ்பேனரை வைத்து இறுக்கினால் தலை மழுங்கிவிடும். இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிய பிறகு தொடுங்கள்.

நான்கு சக்கரமும் ட்ரம் பிரேக். வீல் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் சிலிண்டர் துருப்பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் ட்ரம் சூடாகும்போது ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும். போதாக்குறைக்கு இந்த மாடலில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்தமும் போச்சு. சிலிண்டர்களைக் கோயம்புத்தூரில் லேத்தில் கொடுத்து உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) போட்டேன், ரப்பர் கப், ஹோஸ் எல்லாம் புதிது. சமவெளியில் இரண்டு வருடம் விடலாம் என்பார்கள், இங்கே நான் வருடா வருடம் பிரேக் ஆயில் மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த தண்டின் அடியில், திருகி உட்கார்ந்திருக்கும் பித்தளைத் துண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு இதற்குள்தான் திரும்பும். இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகி வழி அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் தங்கித் தண்டை அரிக்கும். ஒரு நாள் அது முறிந்து சக்கரம் மடங்கும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் மிகவும் பயப்பட வேண்டிய இடம் இது. என் வண்டியிலும் முன்பு யாரோ கிரீஸ் அடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கழற்றி, தண்டில் அரிப்பைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல் இங்கிலாந்திலிருந்து புதிது வரவழைத்தேன். சுங்க வரியைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் சென்னைப் புதுப்பேட்டையில் பழசு தேடி வாங்கிப் போடுகிற பாகம் இல்லை இது. கதவுக் கைப்பிடி, டெயில் லைட், மீட்டர் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை போகலாம், தாராளமாக.

துரு விஷயத்துக்கு வருகிறேன். குன்னூரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு கொட்டவும் கொட்டும். நடுவில் பனிமூட்டம். இரும்பு காய்வதற்கு நேரமே இல்லை. சேஸிஸின் நடுத் தண்டுகள் கெட்டியாகத்தான் இருந்தன. பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீளும் கைகளும், கதவுக்கு அடியிலிருக்கும் சில்லும் சுத்தியலால் தட்டினாலே உதிர்ந்தன. சில்வர் ஓக் இலை கதவுக் கண்ணாடி இடுக்கில் இறங்கி, அடியிலிருக்கும் வடிகால் துளையை அடைத்து, கதவே தொட்டியாகிக் கிடந்தது. டிங்கரிங் செய்யும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கே வெல்டிங் செட்டோடு வந்தார். "பட்டி போட்டு மூடிடலாம் தம்பி, வெளியே தெரியாது" என்றார். வேண்டவே வேண்டாம், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கதவுகளைக் கழற்றாமல், உள்ளே குறுக்குக் கம்பியைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்த பிறகுதான் சில்லை வெட்டினார். இல்லாவிட்டால் பாடி நெளிந்து கதவு சாத்தாது. வேலை தெரிந்த மனிதர்.

பெயிண்டுக்குக் காலம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமிருக்கும்போது டக்கோ பெயிண்ட் அடித்தால் காயும் முன்பே மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி பங்குனி வெயிலுக்காகக் காத்திருந்து அடித்தோம். அதுவரை பிரைமரும் வேண்டாம் என்று பெயிண்டர் சொன்னார், வெறும் பிரைமர் ஈரத்தைக் குடிக்குமாம். அது சரிதான், தகடு வேலை முடிந்த இடத்திலெல்லாம் எண்ணெய் தடவி வைத்திருந்தோம்.

இன்ஜினில் சொல்ல அதிகமில்லை. ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங், ரிங், கேஸ்கெட், அவ்வளவுதான். கார்புரேட்டர்தான் மலைக்கேற்ற மாதிரி யோசிக்க வைத்தது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைதான் ஜெட். அதே ஜெட்டில் பெட்ரோல் அதிகமாகி பிளக் கரி பிடிக்கும். சின்ன ஜெட் போடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். போட்டால் இங்கே ஓடும். கோயம்புத்தூர் இறங்கினால் பெட்ரோல் பற்றாமல் சூடேறி வால்வு கருகும். கரி பிடித்த பிளக்கை ஐந்து நிமிடத்தில் துடைக்கலாம், கருகிய வால்வுக்கு மறுபடி ஹெட்டைத் தூக்க வேண்டும். ஆகவே கம்பெனி ஜெட்டையே விட்டுவிட்டு ஐடிலிங் ஸ்குரூவை மட்டும் இங்கே செட் செய்துகொண்டேன். ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை ஏறும்.

இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைத் தின்கிறது. பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்குவதாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

ஆர்.சி. விஷயம் பலர் கேட்பது. 50 வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் என்று பதிந்து விஏ நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் ஓட்டலாம். எனக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். எனவே சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்கிறேன். புகை சர்டிபிகேட், இன்சூரன்ஸ், பிரேக், லைட் சரியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை.

பராமரிப்பு என்றால் வாரம் ஒரு முறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுவதுதான். ஷெட்டில் ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போடாதீர்கள், துணி உறை போதும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடி வாரக்கணக்கில் விட்டால் ஈரத்தில் லைனிங் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஓட்டும்போதும் ஒன்று: பின்னால் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சு, என்பதால் வளைவின் நடுவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். முன்பே வேகம் குறைத்து, செகண்ட் கியர் போட்டு, மெல்ல இழுத்தபடி திரும்ப வேண்டும். மற்றபடி கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்த வண்டி. எட்டு மீட்டருக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும், பின்னால் வரும் பெரிய கார்க்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில்கூட.

கதவு ரப்பர் மட்டும் இன்னும் சரியான அளவில் கிடைக்கவில்லை. வேறு வண்டி ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறேன், இடது பின்கதவில் மழை லேசாக வருகிறது. ஒரிஜினல் புரொஃபைல் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.