ஏ.பி. இங்கிலிஷும் ஒரு சப்போர்ட் பீரியடும்

அமெரிக்க ஹைஸ்கூல்களில் பெரும்பாலும் பதினோராம் வகுப்பில் எடுக்கிற ஏ.பி. இங்கிலிஷ் லாங்குவேஜ் வகுப்பில் என் மகள் சேர்ந்தாள். ஏ.பி. என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்: ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம், முடிவில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் பரீட்சை. பத்தாவது வரை, வழக்கமானதைவிடச் சற்றுக் கடினமான ஹானர்ஸ் இங்கிலிஷ், நல்ல மதிப்பெண், எந்நேரமும் கையில் புத்தகம். ஆனால் முதல் சில கட்டுரைகள் திருத்தி வந்தபோது ஆறுக்கு இரண்டு, மூன்று என்றுதான் இருந்தது. "ரெகுலர் கிளாஸுக்கு மாறிடறேன்மா" என்றாள்.

மாறுவதற்குப் பள்ளியில் ஒரு கடைசித் தேதி வைத்திருந்தார்கள். அதற்குள், எந்த வகுப்பை எடுப்பது என்று வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலரைப் பார்க்க நேரம் கேட்டு மெயில் அனுப்பினேன். திருத்திய கட்டுரைகளை எடுத்துவரச் சொன்னார். அது எவ்வளவு நல்ல யோசனை என்று போன பிறகுதான் தெரிந்தது. கிரேடை மட்டும் பார்த்துப் பேசியிருந்தால் மதிப்பெண் எங்கே போகிறது என்றே புரிந்திருக்காது.

ஏ.பி. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண். வாதத்தைத் தெளிவாகச் சொல்லும் தீசிஸுக்கு 1, ஆதாரத்துக்கும் அதை விளக்குவதற்கும் 4, சிந்தனையின் ஆழத்துக்கு 1. மகளுக்குத் தீசிஸ் மதிப்பெண் தவறாமல் கிடைத்திருந்தது. இழந்தது முக்கியமாக அந்த நாலில்தான். மேற்கோளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. தெரிந்தவர்கள் சிலர் தனி டியூஷன் வைத்துக் கடினமான சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கச் சொன்னார்கள். இந்தப் பரீட்சையில் சொற்களுக்கென்று தனிப் பகுதியே கிடையாது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

கவுன்சலர் சொன்ன வழி, பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு சப்போர்ட் பீரியட். அதற்காக அவளுக்குப் பிடித்த மண்பாண்ட வகுப்பை விடவேண்டியிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. உதவி வேண்டுமானால் பிடித்த வகுப்பை விடு என்று பள்ளிக்கூடங்கள் சொல்லாமல் இருந்தால் நல்லது.

அந்த பீரியடில் ஓர் ஆசிரியை, போன வருடம் இதே வகுப்பை முடித்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், ஆறேழு பேர் கொண்ட குழு. "புரியல" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போக முடியாது. எதுவரை தெரியும், எந்த இடத்தில் சிக்குகிறது என்று ஒரு தாளில் எழுதி வரவேண்டும். மற்றவர்கள் விடை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். 1980இல் சான் டியேகோவில் மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை தொடங்கிய, பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் ஆவிட் (AVID) திட்டத்தில் பழக்கும் முறை இது.

ஒருநாள் அவள் கொண்டுபோனது, அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஃபுளோரன்ஸ் கெல்லி 1905இல் ஃபிலடெல்ஃபியாவில் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ஆற்றிய உரை. 2011 ஏ.பி. பரீட்சையில் வந்த கேள்வி. நாம் உறங்கும் நேரத்தில் சிறுமிகள் ஆலையில் வேலை செய்கிறார்கள் என்பதைக் கெல்லி திரும்பத் திரும்பச் சொல்வார். மகள் எழுதியிருந்தது: 'இங்கே கூறியது கூறல் உத்தி பயன்படுத்தப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். குழுவில் ஒரு பையன் கேட்டானாம், "அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தவங்க அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செஞ்சிருப்பாங்க?" படுத்திருப்பார்கள். படுக்கும்போது அந்தச் சிறுமிகள் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். தங்கள் சுகமான தூக்கமே அவர்களை உறுத்தவேண்டும் என்றுதான் கெல்லி அதைத் திரும்பச் சொல்கிறார் என்று மகள் அங்கேயே அஞ்சு வரி எழுதினாள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் நாலுக்கு மூன்று வர ஆரம்பித்தது.

ஆறு மூலங்களைக் கொடுத்து, குறைந்தது மூன்றைப் பயன்படுத்தி எழுதச் சொல்லும் சிந்தசிஸ் கட்டுரைக்கும் இதே பயிற்சிதான் கைகொடுத்தது. அப்புறம் நேரம். 15 நிமிட வாசிப்பையும் சேர்த்து 2 மணி 15 நிமிடத்தில் மூன்று கட்டுரை. 2025இலிருந்து காலேஜ் போர்டின் புளூபுக் என்ற பரீட்சைச் செயலியில் டைப் செய்யவேண்டும் என்பதால், மார்ச் மாதத்திலிருந்து பயிற்சியையும் லேப்டாப்பிலேயே செய்தாள். மே மாதம் பரீட்சை, ஜூலையில் முடிவு: 5க்கு 4.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். காலேஜ் போர்டு தளத்தில் பழைய கட்டுரைக் கேள்விகளும், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற குறிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கொடுத்து எதையும் வாங்குமுன் அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். அப்புறம், சப்போர்ட் பீரியட் இருக்கிறதா என்று பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கவுன்சலரிடம் கேளுங்கள். அக்டோபரில் கேட்டால் டைம்டேபிளில் இடம் கிடைப்பது கஷ்டம்.