படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்துடுங்க

பாலக்கோடு பக்கம் எங்க ஊரு, தக்காளித் தோட்டம். எனக்குப் படபடப்பு மொத தடவ வந்தது தக்காளிக் கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) தூக்கக் குனிஞ்சப்ப. நெஞ்சுக்குள்ள மோட்டார் போட்ட மாதிரி படபடன்னு ஓடுது, தொண்டைக்குழி துடிக்குது, கண்ணு இருட்டுது, வரப்புலயே பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன், டக்குனு நின்னுருச்சு. வர்றதும் டக்குனுதான், நிக்கறதும் டக்குனுதான்.

அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு. மாமியார் கண்ணு பட்டிருக்கும்னு உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க. பஸ் புடிச்சு டவுனுக்குப் போறதுக்குள்ள நின்னுடும், ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டு நார்மல். ஒருநாள் முழுக்க ஈசிஜி பதியற ஹோல்டர்ங்கற சின்ன மெஷின மாட்டினாங்க, அன்னிக்குப் பாத்து வரவே இல்ல. கேஸ் மாத்திரை குடுத்தாங்க, அப்புறம் டென்ஷன் மாத்திரை. ஆறு வருஷம் இப்படியே போச்சு. எனக்கு மனசுலதான் கோளாறுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன், அதுதான் நோவ விட பெரிய வேதனை.

ஒருநாள் அரை மணி நேரமாகியும் நிக்கல. 108ல தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, போனதும் ஈசிஜி, நிமிஷத்துக்கு 190 துடிப்பு. அந்த டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு: "ஏம்மா, கழுத்துல பொதுக்குபொதுக்குன்னு துடிக்குமா? நின்ன பிறகு ஒண்ணுக்கு நெறைய போகுமா?" ரெண்டும் எனக்கு ஆறு வருஷமா இருக்கு, யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

மொதல்ல 10 எம்எல் சிரிஞ்ச குடுத்து உள்ள இருக்கற தண்டு நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதச் சொன்னாங்க, ஊதி முடிச்சதும் படுக்க வெச்சு கால 15 செகண்ட் தூக்கிப் புடிச்சாங்க. சில பேருக்கு இதுலயே நின்னுடுமாம், எனக்கு நிக்கல. அப்புறம் அடினோசின் ஊசி 6 மில்லிகிராம், வேகமா ஏத்தினாங்க. "கொஞ்ச செகண்ட் நெஞ்ச அமுக்கும், உயிர் போற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க"ன்னு முன்னாடியே சொன்னாங்க, அப்படியேதான் இருந்துச்சு, ஆனா நின்னுருச்சு.

இதுக்குப் பேரு எஸ்விடி, இதயத்துடிப்பு திடீர்னு வேகமாயிடற கோளாறு. அதுல பல வகை இருக்கு, எனக்கு இருந்தது இது. இதயத்துல மேல் அறையிலருந்து கீழ் அறைக்கு கரண்ட் எறங்கற எடத்துல சில பேருக்கு ரெண்டு வழி இருக்குமாம், ஒண்ணுல எறங்கி இன்னொண்ணுல ஏறி செக்கு மாடு மாதிரி அங்கயே சுத்தும். ஹார்ட் அட்டாக் ரத்தக்குழாய் அடைக்கறது, இது வேற. எங்க பெரிய மாமனாருக்கு இருக்கறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதுவும் வேற, அதுல மேல் அறை நடுங்கிட்டே இருக்கும், நாடி தாறுமாறா ஓடும், உள்ள ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம், அதனாலதான் அவரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்படறாரு.

மாத்திரையில கொஞ்ச நாள் ஓட்டினேன், அப்புறம் பெங்களூர் போய் அப்லேஷன் பண்ணிக்கிட்டேன். தொடை இடுக்குல ரத்தக்குழாய் வழியா ஒயர் விட்டு, அவங்களே படபடப்ப வரவெச்சுப் பாத்து, அந்த ரெண்டாவது வழிய சூடு வெச்சு மூடறாங்க. எடம் மரத்துப் போக ஊசிதான், முழிச்சுட்டுதான் இருந்தேன். நூத்துல ஒருத்தருக்கும் கம்மியாதான், ஆனா நல்ல வழியும் பாதிச்சு, துடிப்ப நடத்தற பேஸ்மேக்கர் கருவி வெக்க வேண்டி வரலாம்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. எங்க வீட்டுக்காரர் கை நடுங்கிட்டே போட்டாரு. முடிஞ்சதும் கால மடக்காம அஞ்சாறு மணி நேரம் படுத்திருக்கணும், எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அங்க டாக்டர் மொதல்ல கேட்டது தர்மபுரியில எடுத்த அந்த 190 ஈசிஜியத்தான். அந்தப் பேப்பர் நாளாக நாளாக மங்கிடும், அதனால வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க. உங்களுக்கும் இப்படி வந்துச்சுன்னா, நிக்கட்டும்னு காத்திருக்காம பக்கத்துல இருக்கற பிஹெச்சிக்காவது (ஆரம்ப சுகாதார நிலையம்) ஓடி படபடப்பு இருக்கும்போதே எடுத்துடுங்க. மயக்கமோ நெஞ்சுவலியோ சேந்து வந்தா நேரா 108தான்.

ஒன்றரை வருஷம் ஆச்சு, திரும்ப வரல. எப்பவாச்சும் ஒரு துடிப்பு டொக்குன்னு தவறும், அது பரவால்லன்னு சொல்லிட்டாங்க. நேத்து முப்பது கிரேடு ஏத்தினேன்.