படுவான்கரை நாட்குறிப்பு

மே 19, திங்கள்

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ராத்திரி முழுக்க ரயில். "குருமண்வெளிக்கு வந்து பாதையில ஏறுங்க" என்று போனில் சொல்லியிருந்தார்கள். பாதை என்றால் இங்கே மிதவை. மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், நான், என் அறுபது கதைப் புத்தகங்கள் எல்லாம் அதில் வாவியைக் கடந்து மண்டூர்க் கரையில் இறங்கினோம். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. எவ்வளவு நேரான பெயர்கள்.

மே 20

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் 29-ஆம் தேதி டோக்கன் கிடைத்துவிட்டதாம்.

மே 22

பின்னேர வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். நான் "அப்புறம்" என்றால் சிரிக்கிறார்கள். சினிமாவில் கேட்ட சொல்லாம். "எங்கள் வீடு" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். கொப்பிகளை வீட்டுக்கு எடுத்து வந்து நள்ளிரவு தாண்டியும் திருத்தினேன். ஒரு பிழை விடவில்லை. வந்த வேலை தொடங்கிவிட்டது என்று நிறைவாக இருக்கிறது.

மே 23

கொப்பிகளைக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்காரும் பிள்ளை தன்னுடையதைத் திறந்து பார்த்தாள். மூடினாள். போகும்போது என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மே 26

வரவில்லை.

மே 27

வரவில்லை. "கச்சான் தொடங்கிற்று" என்றார் அம்மம்மா. வீட்டுக்கார அம்மாவை நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கச்சான் என்றால் நிலக்கடலை என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் அதே பெயர். நெருப்புப் போல அடிக்கிறது. கொடியில் போட்ட துணி பத்து நிமிடத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடுகிறது, கண்ணெல்லாம் மணல்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "போகாதீங்க மகள். டீச்சர் தேடி வந்தா என்னமோ நடந்திற்று எண்டு ஊர் கதைக்கும். வந்தா வரட்டும்."

மே 28

தூக்கமில்லை. கொப்பியைத் திறந்தேன்.

"எங்கட வீடு இன்னும் பூசல்ல. அம்மா குவைத்தில. வீடு பூசின மறுகா அம்மா வருவா."

இதில் "எங்கட", "பூசல்ல", "மறுகா", "வருவா" நான்கையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். மறுகாவுக்கு மேலே "பிறகு" என்று அழுத்தி எழுதியிருக்கிறேன். ஓரத்தில் "எழுத்துத் தமிழில் எழுதவும்".

அன்று ராத்திரி சொற்களைப் பார்த்தேனே தவிர வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. ஒரு பிள்ளை தன் அம்மா எப்போது வருவாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. எந்தச் சுவர் எந்த நிறமாக வேண்டும் என்றாவது நான் கேட்டிருக்கலாம்.

இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதனால் மகள் பிறந்ததுமே வீட்டுக் கவலையும் பிறந்துவிடுகிறது என்று அம்மம்மா சொல்லியிருந்தார். கட்டுரைத் தலைப்பை எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கண்மாய் நிறைந்து வழிந்தால் "மறுகால் பாயுது" என்போம். மறுகா அதற்குச் சொந்தமோ என்னவோ. அந்நியச் சொல்லாக எனக்கு ஏன் பட்டது?

மே 29

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பத்து நாளுக்கு மேல் ஆகும். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான், அம்மா மாத்திரை போடும் நேரத்தில் நானும் இங்கே மணி பார்க்கிறேன். "எப்ப வருவே?" என்றாள். "அப்புறம் சொல்றேம்மா." ரீலோட் தீர்ந்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

கல்லடிக்குப் போனேன். விபுலானந்த அடிகளின் சமாதியில் கொஞ்ச நேரம் நின்றேன். காரைதீவில் பிறந்தவர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இந்த மண்ணின் தமிழைக் காதில் வைத்துக்கொண்டுதானே வந்திருப்பார். சிதம்பரத்தில் யாரும் அவர் பேச்சை வட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

பழைய பாலத்தில் நின்றேன். முழுநிலா இரவில் தண்ணீருக்குள் துடுப்பை இறக்கி மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்குமாம். பகலில் காற்றுதான் கேட்டது.

ஜூன் 3

ராத்திரி இரண்டு மணிக்குப் பெரிய வெடிச் சத்தம். பதறி எழுந்தேன். அம்மம்மா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார், ஒரு கையைச் சுவரில் வைத்தபடி. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. இரண்டாவது வெடி கேட்டதும் கையை எடுத்தார். "யானை வெடி. வயலுக்க இறங்கிற்று போல. படுங்க மகள்."

முதல் வெடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்? நான் கேட்கவில்லை. வந்த முதல் வாரமாக இருந்தால் கேட்டிருப்பேன்.

ஜூன் 4

பிளேடால் சிவப்பைச் சுரண்டிப் பார்த்தேன். மெல்லிய தாள். "வருவா" பக்கத்தில் அரிசி அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. புதுக் கொப்பி வாங்கித் தரலாம்தான், ஆனால் அது அவள் எழுதியது ஆகாது.

ஜூன் 5

வரவில்லை.

ஜூன் 7

புட்டு, மீன் ஆணம், எருமைத் தயிர். இன்று எதையும் யோசிக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கண்ணகை அம்மன் குளிர்த்தி. வைகாசியில் சில நாட்கள் மட்டும் திறக்கும் கோயில். அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "மதுரைப் புள்ள. அம்மா எரிச்ச ஊர்." ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, "இப்ப உங்கட ஊர் சுகமா இருக்கா?" என்றார். நேற்று எரிந்த ஊரை விசாரிப்பது போல. சுகமா இருக்கு என்றேன், தொண்டை அடைத்தது. மதுரையில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எரித்த கோபத்தோடு கடல் கடந்து வந்தவளை ஆண்டுதோறும் இங்கே பாடிப் பாடிக் குளிரச் செய்கிறார்கள்.

வேப்பிலையில் தொட்டுத் தண்ணீர் தெளித்தபோது கூட்டம் முன்னால் நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன், ஜன்னலோரப் பிள்ளை. தலையில் தண்ணீர்த் துளிகள். அவளுடைய அம்மம்மாவுக்குக் காய்ச்சலாம், இன்றுதான் எழுந்து நடக்கிறாராம்.

"டீச்சர், என்ட கொப்பி?"

"நாளைக்குக் கொண்டு வாறன்."

"நாளைக்குப் போயா லீவு டீச்சர்." போயா என்றால் இங்கே பௌர்ணமி விடுமுறை.

"அப்ப நாளண்டைக்கு."

தலையாட்டிவிட்டு ஓடினாள். ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 11

மூன்று மணி வகுப்புக்கு இரண்டரைக்கே வந்துவிட்டேன். கொப்பி மேசையில். ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். "வருவா" முழுதாகத்தான் தெரிகிறது. அம்மாவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்பு. திருப்பி எடுத்தால் சிக்னல் இல்லை. கிணற்றடியில் கிடைக்கும் என்கிறார்கள். வாசலில் செருப்புச் சத்தம்