போர்டைக் கழற்றச் சொன்னேன்

சில ஆண்டுகளுக்கு முன் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்து, அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை வாங்கி, நடத்திய ஒருவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கடை மதுரையில், கம்பெனி சென்னையில். டீத்தூளிலிருந்து காகித கப் வரை எல்லாவற்றையும் கம்பெனியிடமே வாங்க வேண்டும். விலை ஏறிக்கொண்டே போக, பெயரைப் பயன்படுத்தக் கட்ட வேண்டிய ராயல்டி பாக்கி விழுந்து, கடைசியில் ஒப்பந்தம் ரத்து என்று வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது.

அத்தனை பக்க ஒப்பந்தத்தில் அவர் விரல் வைத்துக் காட்டியது ஒரே ஒரு ஷரத்தை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் 3 ஆண்டுகளுக்கு 5 கிலோமீட்டர் சுற்றளவில் டீக்கடை நடத்தக் கூடாதாம். "எனக்கு வேற தொழில் தெரியாது சார்" என்றார்.

ஃபிரான்சைஸுக்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் இதற்கும். அதன் 27-ஆவது பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டிச் சரக்கைத் தொடாதே என்று சொல்லலாம். 1995-இல் கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. முடிந்த பிறகு அப்படிக் கட்டிப்போட முடியாது. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் உயிர் வந்தது.

"ஆனால் கம்பெனி பெயர் போட்ட போர்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்" என்றேன். அது அவர் காதில் விழவே இல்லை. போர்டுக்கும் உள் அலங்காரத்துக்கும் அவர் கைக்காசு போட்டிருந்தார். பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, அதே மஞ்சள் நிறத்தில், அதே மெனுவோடு கடையைத் தொடர்ந்தார். கம்பெனி சென்னையில் வர்த்தக முத்திரை வழக்குப் போட்டது. இடைக்காலத் தடையாணையோடு, நீதிமன்றம் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் வந்து இறங்கியது மாலை ஐந்தரை மணிக்கு, வடை போடும் நேரம். வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க கப், மெனு அட்டை எல்லாவற்றையும் எண்ணி எழுதினார்கள்.

ஒருமுறை சொல்லிவிட்டு விட்டது என் தவறு. பயப்பட வேண்டாத ஷரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன், போர்டைப் பற்றி ஒரு வரி. இப்போதெல்லாம் போர்டு இறங்கிய புகைப்படம் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் பதில் நோட்டீஸே எழுதுகிறேன்.

அவருக்கு வர வேண்டிய 4 லட்சம் டெபாசிட் தனிக் கதை. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால், வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, கம்பெனி நேராக நீதிமன்றத்துக்குப் போனது. நாங்கள் சமரச அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இதைக் கட்சிக்காரருக்கு விளக்கிப் பாருங்கள்! பாக்கி ராயல்டி கழித்து இரண்டே கால் லட்சம் கைக்கு வந்தது.

போன மாதம் அவர் மறுபடி வந்தார். சொந்தப் பெயரில் கடை, இரண்டு கிளை. மூன்றாவதை ஒருவருக்கு ஃபிரான்சைஸ் கொடுக்கப் போகிறாராம், பத்திரம் எழுத வேண்டும். அந்த 3 ஆண்டு, 5 கிலோமீட்டர் ஷரத்தையும் சேர்க்கச் சொன்னார். அது செல்லாது என்று உங்களுக்கே தெரியுமே என்றேன்.

"தெரியும் சார். இருக்கட்டும், ஒரு பயம் இருக்கும்ல."