அதே தேதி, அதே கிழமை

29 ஏப்ரல் 2025, செவ்வாய்

இங்க சிங்கப்பூர்ல, தேக்கா மளிகைக்கடைல குடுத்த மாசக் காலண்டர்ல மே பக்கத்த சும்மா தூக்கிப் பாத்தேன், 5ஆம் தேதி திங்கக்கெழமை. பெரியவன் பொறந்ததும் திங்கதான். போன்ல 2003 காலண்டர எடுத்து வச்சுப் பாத்தா ஒருநா கூட பிசகாம அப்படியே இருக்கு. அப்ப இதே ஏப்ரல் 29, இதே செவ்வாய், இதே ஈசூன் வீட்டுல வயித்தத் தூக்கிக்கிட்டு அம்மா மேல கோவமா உக்காந்திருந்திருப்பேன்.

கோவத்துக்குக் காரணம் சார்ஸ், அப்ப பரவின தொத்துக் காய்ச்சல். அம்மாவுக்கு ஏப்ரல் 12க்கு மெட்ராஸ்லேர்ந்து டிக்கெட் போட்டு, விசா வந்து, லேகியம் கிண்டி டப்பால அடைச்சு எல்லாம் ரெடி. மார்ச் கடைசில இங்க பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடினாங்கல்ல, அந்த நியூஸ் மன்னார்குடி வரைக்கும் போயிடுச்சு, அப்பா "யாரும் எங்கயும் போக வேணாம்"னு ஒரே வார்த்தைல டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டாரு. அம்மா போன்ல அழுவுறாங்க, நான் "பரவால்லம்மா"ன்னுட்டு வச்சிட்டேன். ஆனா பரவால்லயெல்லாம் இல்ல. தலைச்சன் பிரசவம். எங்க ஊர்ல ஏழாம் மாசம் வளைகாப்ப போட்டு கையோட பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, இங்க எனக்கு மாமியாரும் இல்ல, இவரு கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க. யாருமில்லாம புள்ள பெக்கப் போறோம்ங்கறத நெனச்சு நெனச்சு சோறு எறங்கல.

இத எழுதணும்னு திடீர்னு தோணுச்சு. திங்கக்கெழமை வரைக்கும் எழுதறேன், அதுக்கப்பறம் பாப்போம்.

1 மே 2025, வியாழன்

லீவு. ஸ்டோர் ரூம்ல மேல் தட்டுல இருந்த மைலோ டின்ன எறக்கினேன். உள்ள அவனோட ஆஸ்பத்திரி கைப்பட்டை, காஞ்ச தொப்புள்கொடிய வச்சு அடைச்ச வெள்ளித் தாயத்து (சிராங்கூன் ரோட்டு ஆசாரி பண்ணது, ஒரு மாசம்கூட இடுப்புல கட்டல, பிச்சுப் போட்டுட்டான்), அப்புறம் சார்ஸ் நேரத்துல வீட்டுக்கு வீடு குடுத்த தெர்மாமீட்டர். பட்டன அமுக்கிப் பாத்தேன், பேட்டரி செத்துப் போச்சு. டின்னுக்கு அடில மடிச்சு மடிச்சு வச்ச நீளத் துணி ஒண்ணு. ஊதாவுல பூப்போட்டது. அதப் பத்தி அப்புறம்.

உழைப்பாளர் தினம்ங்கறதால இதையும் சொல்லிடறேன், எனக்கு அப்ப பிரசவ லீவு 8 வாரம்தான். அடுத்த வருஷம்தான் 12 ஆச்சு. புள்ள பொறந்தா கவர்மெண்ட் குடுக்கற பேபி போனஸும் அப்ப ரெண்டாவது மூணாவது புள்ளைக்குத்தான், மொத புள்ளைக்கும் உண்டுன்னது 2004 ஆகஸ்ட்லேர்ந்து. இவரு இன்னைக்கும் அவன்கிட்ட "ஒரு வருஷம் பொறுத்து வந்திருக்கலாம்டா"ன்னு சொல்லுவாரு.

3 மே 2025, சனி

ஓட்டுப் போட்டுட்டு வந்தோம். பெரியவனுக்கு மொத ஓட்டு. ராணுவ சேவைல இருக்கான், வெள்ளிக்கெழமை ராத்திரி கேம்ப்லேர்ந்து வந்து தூங்கினவன காலைல எழுப்பறது பெரும்பாடு. வரிசைல நிக்கும்போது சும்மா இருக்காம இவரு ஆரம்பிச்சாரு, தான் பொறந்தது 1966, கேகே பிரசவ ஆஸ்பத்திரில, அந்த ஒரு வருஷத்துல மட்டும் அங்க 39,835 கொழந்தைங்க, கின்னஸ் புக்ல வந்துச்சு, அந்தக் கணக்குல நானும் ஒண்ணுன்னு. கல்யாணமான நாளா கேக்கறேன். என்னமோ 39,835ம் இவரே பெத்த மாதிரி.

அவன் "மா, நான் பொறந்தப்ப யாருமே வரலியா?"ன்னான். சார்ஸ்டா, வரக்கூடாதுன்னேன். "கோவிட் மாதிரியா?" கோவிட் மாதிரி இல்ல, இங்க 238 பேருக்கு வந்துச்சு, 33 பேர் போயிட்டாங்க, இப்ப பாத்தா சின்ன நம்பர்தான். ஆனா அதுல டாக்டரும் நர்ஸும் இருந்தாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் பயம், நான் போக வேண்டிய எடமும் அதுதான். இதெல்லாம் வரிசைல நின்னு எப்படிச் சொல்றது, "ஆமா அந்த மாதிரிதான்"னுட்டேன்.

4 மே 2025, ஞாயிறு, ராத்திரி 11.40

தூக்கம் வரல. இதே நேரத்துக்குத்தான் அன்னைக்கு இடுப்பு வலி ஆரம்பிச்சது. மொதல்ல வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சேன், சிரிக்காதீங்க. விடியக்காலைல தண்ணி ஒடஞ்சுது. இவரு பைய ஒரு தோள்ல, என்னை ஒரு கைல புடிச்சுக்கிட்டு லிஃப்டுக்கு நிக்கறாரு, அப்பல்லாம் எங்க புளோக்ல லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, ஒரு மாடி படியெறங்கணும், ஒவ்வொரு படிக்கும் ஒரு வலி.

ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாரையும் நிறுத்தி காய்ச்சல் பாக்கறாங்க. எனக்கு 36.8. இவருக்கு 37.8! பைய தூக்கிக்கிட்டு ஓடி வந்த சூடு, வேறொண்ணுமில்ல, ஆனா அத யாரு நம்புவா, இவர ஒரு நாற்காலில தனியா உக்கார வச்சுட்டு என்னை வீல்சேர்ல தள்ளிட்டுப் போயிட்டாங்க. திரும்பிப் பாக்கறேன், மொகத்துல மாஸ்க், கண்ணு மட்டும் தெரியுது, எங்கிட்ட குடுக்க வேண்டிய பைய மடில கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் தனியா மேல போனேன். அந்த லிஃப்ட் போன நேரம் இருக்கே, வலிய விட அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு.

அரைமணி கழிச்சு மறுபடி பாத்து 36.9னு விட்டாங்களாம், அது எனக்கு எப்படித் தெரியும்.

உள்ள யாரு மொகமும் தெரியல. எல்லாரும் மாஸ்க், கவுன், கண்ணாடி. ஒரு மிட்வைஃப் மட்டும் தமிழ்ல பேசினாங்க, ஈப்போவாம், "பயப்படாத மா, நான் ரெண்டு பெத்தவ"ன்னு. அவங்க மூக்கு எப்படி, வாய் எப்படி, சிரிச்சா எப்படி இருப்பாங்க, ஒண்ணும் தெரியாது, புருவத்துக்கு நடுவுல சின்னதா ஒரு தழும்பு, அது மட்டும்தான் தெரியும். வலி தெரியாம இருக்க காஸ் குடுத்தாங்க, வாந்தி வந்துச்சு, வேணாம்னுட்டேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே போச்சு. நான் அம்மாவ கூப்பிட்டுக் கத்தினேன்னு இவரு சொல்றாரு, இல்ல, "அப்பா"ன்னு கத்தினேன், டிக்கெட்ட கேன்சல் பண்ணவர. 5.12க்குப் பொறந்தான். 2.9 கிலோ. இவரு மழை பெய்ஞ்சுதுங்கறாரு, எனக்கு ஜன்னல்ல வெயில்தான் ஞாபகம்.

5 மே 2025, திங்கள்

அவன் காலைலயே கேம்ப்புக்குப் போயிட்டான். வாட்சப்ல வாழ்த்து அனுப்பினா ஒரு கட்டைவிரல் வந்துச்சு. ஜூலைல ஓஆர்டி, ராணுவ சேவை முடியற நாள், அதுவரைக்கும் கட்டைவிரல்தான்.

ஒண்ண இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. கொழந்தைய மார்ல போட்டதும் எனக்கு சந்தோஷமெல்லாம் வரல. இது யாரோ ஒரு புள்ளைன்னு தோணுச்சு. கண்ணத் தொறந்து என்னையே பாக்குது, என் மொகத்துலயும் மாஸ்க். ராத்திரி இவர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, வார்டுல ஆள் வந்தா மாஸ்க் போட்டுக்கணும். ரெண்டு மணி இருக்கும், பால் குடுக்க எழுப்பினாங்க, அந்த நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் திரைய இழுத்துக்கிட்டு மாஸ்க்க தாடைக்குக் கீழ எறக்கி, "இந்தாடா, நாந்தான் அம்மா"ன்னு அவன்கிட்ட மொகத்தக் காட்டினேன். கொட்டாவி விட்டான். அப்பதான் அழுதேன்.

சாயங்காலம் அம்மாவ வீடியோல கூப்பிட்டேன். அங்க நேத்திக்கு கத்திரி ஆரம்பிச்சாச்சு, வேர்த்து ஊத்துது. "கத்திரில பொறந்தவன், அதான் சூட்டு ஒடம்பு"ன்னு வருஷா வருஷம் சொல்றத இந்த வருஷமும் சொன்னாங்க. அப்புறம் வழக்கம்போல, "நான் இல்லாத பிரசவம்டி அது." அன்னைக்கு இவரு காலிங் கார்ட் போட்டு சொன்னப்ப அவங்க கேட்ட மொதக் கேள்வி பேரனப் பத்தி இல்லியாம், "அவ ஏதாச்சும் சாப்பிட்டாளா"ன்னுதானாம். இத இப்பதான் சொல்றாரு. 22 வருஷமா எங்கிட்ட சொல்லல இந்த மனுஷன்.

10 மே 2025, சனி

திங்கக்கெழமையோட நிறுத்தறேன்னேன், ஆனா அந்தத் துணி பாக்கி இருக்கு.

ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநா கதவத் தட்டினது பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா. சார்ஸ் பயத்துல அவனவன் லிஃப்ட் பட்டன சாவியால அமுக்கிக்கிட்டிருந்த நேரம், இவங்க கைல சட்டியோட நிக்கறாங்க. அதுல ஹருவான் மீன் சூப். பாத்தா நம்ம விரால்! புண்ணு ஆற எங்க ஊர்லயும் அததான் குடுப்பாங்க. பாசிர் பாஞ்சாங் மொத்த மார்க்கெட்ட சார்ஸால மூடினதுல காய்கறி அல்லாடிக்கிட்டிருந்துச்சு, இவங்க எங்க போயி மீனப் புடிச்சாங்களோ. அப்புறம் தெனம் காலைல வந்து வயித்துக்கு இஞ்சித் தைலம் தடவி, ஒரு நீளத் துணிய இறுக்கி இறுக்கி சுத்தி விடுவாங்க, பெங்குங்னு சொன்னாங்க. மூச்சு முட்டும். எனக்கு மலாய் அவ்வளவா வராது, அவங்களுக்குத் தமிழ் "சாப்பாடு", "தம்பி" ரெண்டுதான். 44 நாள் சுத்தினாங்க. மே 31 சிங்கப்பூர்ல சார்ஸ் இல்லன்னு டிவில சொன்னப்ப நான் வயித்துல அந்தத் துணியோடதான் உக்காந்து பாத்தேன்.

இப்ப அவங்க உட்லண்ட்ஸ்ல மக வீட்டுல. எண்பது இருக்கும், முட்டி வலி. இன்னைக்கு பெரியவனையும் கூட்டிட்டு, துணியத் துவைச்சு இஸ்திரி போட்டு எடுத்துட்டுப் போனேன், இத்தன வருஷமா திருப்பிக் குடுக்கலியேன்னு உறுத்தல் வேற, அவங்க பாட்டி காலத்துத் துணியோ என்னமோன்னு நானா நெனச்சு வச்சிருந்தேன். மக்சிக் விரிச்சுப் பாத்தாங்க, ஓரத்தத் தடவினாங்க, மககிட்ட என்னமோ சொல்லி ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, பெரியவன்தான் கேட்டுச் சொன்னான். அவங்க நல்ல பெங்குங்க தங்கச்சி வாங்கிட்டுப் போயி தரலியாம், அவசரத்துக்கு பெட்ரூம் ஜன்னல் திரைய கிழிச்சு எனக்கு சுத்தினாங்களாம்.