துவக்கில் பூட்டும் விளக்கும் வட்டைக் காவலின் விளக்கும்

சென்ற முன்மாரிப் போகத்தில், வேளாண்மை குடலைப் பருவத்தைத் தாண்டிக் கதிர் வீசத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், எங்கள் வயலுக்கு அருகே வேளாண்மை செய்யும் அண்ணர் ஒருவர் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் திருத்தகத்துக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு விளக்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அது கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே பூட்டுகிற விளக்கின் மலிவான போலி. மருமகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்தாராம்.

"தம்பி, இத என்ட துவக்குல பூட்டித் தாங்க. ரவைக்கு ஆன வந்தா ஒரு கையில லைற்றும் மற்றக் கையில துவக்குமா நிக்கேலாமக் கிடக்கு" என்றார்.

அவரிடம் இருப்பது கச்சேரி அனுமதிப்பத்திரத்தோடு பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் பழைய ஒற்றைக்குழல் துவக்கு. யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்து விரட்டுவதற்கே அதைக் கொண்டுபோகிறார். இருந்தும் நான் பூட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டு விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கழற்றிப் பார்த்தேன். அந்த இரண்டு நாளில் கண்டதையும் அதன்பின் செய்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கைத்துப்பாக்கி விளக்கின் வடிவமைப்பில் முதலில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது, அதை எங்கே, எப்படி இறுக்குவது என்ற கேள்வி. மேல் உறை ஒவ்வொரு வெடிக்கும் பின்னோக்கி ஓடித் திரும்புவதால் அதில் எதையும் பூட்ட முடியாது. அசையாமல் நிற்கும் கீழ்ச்சட்டத்தின் முன்பகுதியில், குழலுக்கு அடியில் மட்டுமே இடம் உண்டு. 1993இல் ஜேர்மனியின் ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனம் வெளியிட்ட யூ.எஸ்.பி. துப்பாக்கியில் அந்த இடத்தில் விளக்குக்கென்றே பள்ளங்கள் வார்க்கப்பட்டிருந்தன. 1995இல் அமெரிக்க இராணுவம் பிகாட்டினி ரெயில் என்று அழைக்கப்படும் பட்டிக்கு ஒரு நியமத்தை வகுத்தது. அதில் சுமார் 10 மில்லிமீற்றருக்கு ஒரு குறுக்குப் பள்ளம் வரும். விளக்கின் குறுக்குத் தண்டு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து உட்கார்ந்துவிட்டால், வெடியின் உதைப்பில் விளக்கு முன்னாலோ பின்னாலோ நழுவ வழியில்லை. ஆணியின் இறுக்கத்தை மட்டும் நம்பாமல், பொருளின் வடிவமே பாரத்தைத் தாங்கும்படி செய்திருக்கும் இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

உதைப்பு இன்னொரு தொல்லையையும் தருகிறது. துப்பாக்கி பின்னோக்கித் துள்ளும்போது உள்ளே இருக்கும் பற்றரி தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்பிரிங் இருந்தால் மறுபக்கத் தொடுகை ஒரு கணம் விட்டுப்போகும். நல்ல விளக்குகளில் ஸ்பிரிங்கை இறுக்கமாக அமைத்து, மின்சுற்றைப் பசையில் புதைத்து, பற்றரிக்கு ஆட இடமில்லாமல் செய்திருப்பார்கள். அண்ணர் கொண்டுவந்த போலியில் ஒரேயொரு மெல்லிய ஸ்பிரிங், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. துவக்கு வெடிப்பது பலருக்கும் வாழ்நாளில் தெரியாத அனுபவம் என்றாலும், இந்தப் பழுது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் குழி விழுந்த கிறவல் பாதையால் வட்டைக்குப் போகும்போது கையிலிருக்கும் ரோச் லைற் தானாக மங்கலாகும், தானாக மின்னத் தொடங்கும். குலுக்கலில் தொடுகை விட்டுவிட்டு வருவதை, யாரோ சுவிச்சை அழுத்தியதாக உள்ளே இருக்கும் மின்சுற்று எடுத்துக்கொள்வதே காரணம். என்னிடம் வரும் லைற்றுகளில் இந்தக் குறைக்கு நான் செய்யும் வைத்தியம் மிகச் சிறியது: ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை மெல்லிய செப்புப் பின்னல் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டிவிடுவேன், மறுமுனையிலும் ஒரு ஸ்பிரிங் வைப்பேன். ஸ்பிரிங் அழுத்துகிற வேலையை மட்டும் பார்க்கும். மின்சாரம் செப்பு வழியே போகும்.

வெளிச்சத்தைப் பற்றி நம்மவர்களிடம் பெரிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் ஒளி முழுவதின் அளவு. அந்த ஒளி ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கண்டெலா. ரோச் லைற்றுகளுக்காக 2009இல் வந்த அமெரிக்க நியமம், எதிரே ஒரு பரப்பில் விழும் ஒளி 0.25 லக்ஸாகக் (லக்ஸ் என்பது அப்படி விழும் ஒளியின் அளவு) குறையும் தூரத்தையே விளக்கின் எட்டும் தூரமாகக் கொள்கிறது. தெளிந்த வானத்தில் பூரணை நிலவு தரும் வெளிச்சம் ஏறத்தாழ அவ்வளவுதான். 10,000 கண்டெலா உள்ள விளக்கு 50 மீற்றரில் 4 லக்ஸும், 100 மீற்றரில் 1 லக்ஸும், 200 மீற்றரில் அந்த நிலவளவும் தரும். தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். குறுகிய இடத்துக்குள் பயன்படுத்தும் கைத்துப்பாக்கிக்கு 200 மீற்றர் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் நடுவில் செறிவான ஒரு வட்டமும், அதைச் சுற்றி ஆளின் கையையும் முகத்தையும் சேர்த்துக் காட்டும் பரந்த வெளிச்சமும் இரண்டும் வேண்டும். குழலுக்கு அடியில், ஒளியைத் தெறிக்கவைக்கும் ஆழமான கிண்ணத்துக்கு இடமில்லாததால், ஷுவர்ஃபயர் எக்ஸ்300 போன்ற விளக்குகளில் கிண்ணத்துக்குப் பதிலாகத் திண்மமான ஒரு வில்லையை வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் சிதறும் ஒளியை அந்த வில்லையின் உட்சுவர் முழுமையாகத் தெறித்து முன்னோக்கித் திருப்புகிறது. சின்னஞ்சிறு இடத்தில் இவ்வளவு ஒளியைச் சேர்த்துவிட்ட திறமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் இருந்தது இரண்டு பெரிய பற்றரி போடும் தகர ரோச் லைற். பற்றரி சோர்ந்துவிட்டால் காலையில் முற்றத்துச் சுளகில் வைத்துக் காயவிடுவார். பின்னேரம் போட்டுப் பார்த்தால் இன்னுமொரு இரவுக்கு மஞ்சளாக எரியும். போர்க்காலத்தில் ஆற்றைக் கடந்து பற்றரி கொண்டுபோவதே சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டிய காரியமாக இருந்ததால், அவர் ஒருபோதும் விளக்கைத் தொடர்ந்து எரித்ததில்லை. கட்டைவிரலால் பொத்தானை அழுத்துவார், பார்ப்பார், விட்டுவிடுவார். 1899இல் டேவிட் மிசெல் ரோச் லைற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலத்திலும் பற்றரியின் பலவீனத்தால் இப்படித்தான் விட்டுவிட்டு எரித்தார்கள் என்றும், ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபிளாஷ் லைற்' என்ற பெயர் அதனால் வந்தது என்றும் பின்னாளில் வாசித்தபோது அப்பாவின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது.

இன்றைய துப்பாக்கி விளக்கின் உயிர்நாடியும் அந்தப் பொத்தான்தான். விசைக்காப்பு வளையத்துக்கு முன்னால், இரு பக்கமும் எட்டக்கூடிய சிறு நெம்பு ஒன்று இருக்கும். ஒரு திசையில் தள்ளினால் விரல் இருக்கும்வரை மட்டும் எரியும். மறு திசையில் தள்ளினால் எரிந்துகொண்டே நிற்கும். பிடியைச் சுற்றி வரும் அழுத்துப் பொத்தானை நடுவிரலுக்குக் கீழே வைக்கும் வகையும் உண்டு. அந்த வகையைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சுட்டுவிரல் விசையில், நடுவிரல் விளக்கில். இரண்டும் ஒரே கையில், அருகருகே. பயத்தில் கை இறுகும்போது விரல்கள் தனித்தனியாக இயங்காமல் ஒன்றாகவே மடங்கும். அமெரிக்காவில் விளக்கை எரிக்க நினைத்து விசையை அழுத்திய பொலிஸாரும், அதனால் காயமடைந்தோரும் இறந்தோரும் உண்டு. பயிற்சி பெற்றவர்களுக்கே நேர்ந்த இந்தத் தவறை, பனியில் நனைந்து, தூக்கக் கலக்கத்தில் பரணிலிருந்து இறங்குகிற ஒரு வேளாண்மைக்காரர் செய்யமாட்டார் என்று நான் எப்படி நினைப்பது?

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. விளக்கு குழலோடு ஒரே கோட்டில் பூட்டப்பட்டிருப்பதால், எதைப் பார்க்க விரும்புகிறோமோ அதன்மேல் துவக்கைப் பிடித்தே ஆக வேண்டும். அதனால்தான் துப்பாக்கியில் விளக்கு இருந்தாலும் கையில் தனியாக இன்னொரு ரோச் லைற் வைத்திருக்க வேண்டும் என்று பயிற்றுவிப்போர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் வட்டையில் இரவில் யானை மட்டுமா நடமாடுகிறது? வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போகிறவர் இருப்பார், அடுத்த வாடிக்கு (காவல் குடிலுக்கு) நெருப்புக் கேட்டுப் போகிறவர் இருப்பார், கட்டவிழ்ந்த எருமை இருக்கும். நான் பதினான்கு வயதில் அப்பாவோடு காவலுக்குப் போயிருந்த ஓர் இரவு, வாய்க்கால் கட்டோரம் கறுப்பாக ஏதோ அசைந்தது. அப்பா லைற்றை அடித்தார். சாக்கைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தது என் பெரிய மாமா. காய்ச்சலில் நடக்க முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார். அன்று அப்பாவின் கையில் இருந்தது வெறும் விளக்கு.

மூன்றாம் நாள் அண்ணர் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என்ன செய்யிற தம்பி, ஆன நிக்கிற இடம் தெரியோணுமே" என்றார். நியாயமான கேள்வி. கடைகளில் விற்கும் லைற்றுகள் அவருக்கு உதவவில்லை என்பதும் உண்மை. ஒரு தடவை அழுத்தினால் முழு வெளிச்சம், இன்னொரு தடவைக்கு மங்கல், மூன்றாம் தடவைக்கு மின்னல் என்று ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் கோத்து வைத்திருக்கிறார்கள். நாற்பது மீற்றரில் கிளை முறியும் சத்தம் கேட்கும்போது அழுத்தினால் மின்மினி வெளிச்சம் வருகிற விளக்கை வடிவமைத்தவர், ஒரு நாளும் இருட்டில் நின்றவராக இருக்க முடியாது.

ஆகவே ஒரு பழைய அலுமினிய உடலை எடுத்து, துப்பாக்கி விளக்கிடம் கற்றதை அதற்குள் வைத்து, ஒன்றைச் செய்தேன். பின்பக்கம் ஒரு பொத்தான், அழுத்தும்வரை மட்டும் முழு வெளிச்சம். பக்கவாட்டில் வேறொரு தள்ளு சுவிச்சு, அது அரை வாட்டில் எரியும் மங்கல் வெளிச்சத்துக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை; எந்தக் குலுக்கலிலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. துப்பாக்கி விளக்கு இரண்டு சிறிய லிதியம் பற்றரிகளை ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் குடித்துத் தீர்த்துவிடும், அதன் வேலைக்கு அது போதும். எங்கள் காவல் பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை. 18650 என்னும் மீள்மின்னேற்றும் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 10 வாட் மணித்தியாலம் இருக்கிறது. அரை வாட் வெளிச்சம் இரவு முழுவதும் எரிந்தபின்னும், தேவைப்படும்போதெல்லாம் சில விநாடி முழு வெளிச்சம் அடிக்க மிச்சம் இருக்கும். மங்கல் வெளிச்சம் வரம்பில் காலடிக்கு; மழைக்காலத்தில் வரம்பில் புடையன் என்னும் விஷப்பாம்பு கிடக்கும். கிண்ணத்தை 50 மில்லிமீற்றர் அகலத்தில், பளபளப்பாகத் தேர்ந்தெடுத்தேன். காட்டோரத்தைத் தொடும் செறிவும், அதைச் சுற்றி யானையின் முழு உருவையும் காட்டும் பரப்பும் அதில் கிடைக்கிறது. எல்.ஈ.டி.யின் நிறம் சற்று மஞ்சள் சாய்ந்தது, நனைந்த சாம்பல் தோல் மரத்தோடு கலந்துவிடாமல் எனக்கு அதில் துலக்கமாகத் தெரிகிறது. மூடிகளுக்கு இறப்பர் வளையமும் சிலிக்கன் பசையும்.

மார்கழிப் பனிக்கு மட்டும் மின்சுற்றில் மருந்தில்லை. நெற்றியில் கட்டும் விளக்கு கண்ணுக்கு அருகே இருப்பதால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் நேரே கண்ணுக்குத் திரும்பி முன்னால் வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். விளக்கை இடுப்பளவில், உடலிலிருந்து தள்ளிப் பிடித்தால் சுவர் மெலியும். ஆகவே விளக்கின் வாலில் முழ நீளக் கயிறு ஒன்றைக் கோத்து, அதை இடது மணிக்கட்டில் மாட்டும்படி அண்ணருக்குக் காட்டினேன்.

தைப்பொங்கல் கழிந்து வெட்டுக்கு ஆள் பிடிக்கும் நாட்களில் அவர் மறுபடி வந்தார். மூன்று இரவு யானை வந்ததாகவும், துவக்கை வாடிக்குள்ளேயே வைத்துவிட்டு விளக்கோடும் யானை வெடியோடும் நால்வராகப் போய்த் திருப்பியதாகவும் சொன்னார். வயற்காரனுக்கும் ஒன்று வேண்டும் என்றார். ஈரக் கையில் பின்பொத்தான் வழுக்குகிறதாம். சைக்கிள் டியூப்பில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மேலே வரிவரியாகக் கீறி, அவர் பார்த்திருக்கவே ஒட்டிக் கொடுத்தேன்.