இறுதி ஆட்டம் ஆடாத கேப்டன்

காட்பாடியில் தன்பாத் வண்டி ஏறி, ரெண்டு ராத்திரி கழித்து ராஞ்சியில் இறங்கினேன். வந்தது ஹுண்ட்ரு அருவி பார்க்க. ஆனால் ஆட்டோக்காரர், "மொராபாதி மைதானத்தைப் பார்க்காம எப்படிப் போவீங்க?" என்று வண்டியை அங்கே திருப்பிவிட்டார்.

வாசலில் பெரிய எழுத்தில் பெயர்: மரங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டா. மரங் கோம்கே என்றால் முண்டாரி மொழியில் பெருந்தலைவர். உள்ளே நீலத் தரையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு காத்திருந்தார்கள். ஈரத்தில் பந்து ஓடுகிற சத்தம், சீலையைக் கிழிக்கிற மாதிரி இருந்தது.

ஜெய்பால் சிங் 1903-ல் குந்திப் பக்கம் தக்ரா கிராமத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து ஐ.சி.எஸ். பயிற்சிக்குத் தேர்வானார். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குக் கேப்டன். தியான் சந்த் 14 கோல் போட்டது அந்த அணியில்தான். லீவு கிடைக்காமலே கிளம்பிப் போனவர், திரும்பியதும் இன்னொரு வருஷம் பயிற்சி என்றதும் கலெக்டர் வேலையே வேண்டாமென்று உதறிவிட்டார். அந்தத் துணிச்சல் எனக்கு வராது.

பிறகு பிக்கானேர் சமஸ்தானத்தில் உத்தியோகம். 1939-ல் ஆதிவாசி மகாசபைத் தலைவர். அரசியல் நிர்ணய சபையில், காட்டுவாசி என்ற வசவையே பட்டமாகச் சூடிக்கொண்டு பேசினார். 1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி, பீகார் சட்டமன்றத்தில் 32 இடம் பிடித்தது. சின்னம் சேவல். 1989-ல் நம்மூரில் ஜெயலலிதா அணி நின்ற அதே சேவல்தான்! 1963-ல் கட்சியைக் கொண்டுபோய்க் காங்கிரசில் இணைத்தார். அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1970-ல் போய்ச் சேர்ந்தார். அவர் கேட்ட ஜார்க்கண்ட் மாநிலம் 2000-ல்தான் வந்தது.

திரும்பும்போது ஆட்டோக்காரரிடம், "உங்க தலைவர் அந்த இறுதி ஆட்டம் ஆடவே இல்லை, தெரியுமா? முன்னாடியே அணியை விட்டு வந்துட்டார்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

கண்ணாடி வழியே முறைத்தார். "தங்கம் யாருக்கு வந்தது?"

"நமக்குத்தான். ஹாலந்தை மூணுக்கு பூஜ்யம்."

"கேப்டன் யாரு?"

ஹுண்ட்ரு போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.